சட்டம் தொடாத அடுப்பு: 1952 லண்டன் புகைமூட்டமும் 1956 சுத்தக் காற்று சட்டமும் - ஒரு நிகழ்வு ஆய்வு

1952 டிசம்பர் 13ஆம் தேதியோட முடிஞ்ச ஒரே வாரத்துல கிரேட்டர் லண்டன்ல பதிவான சாவு 4,703. முந்தின வருஷம் அதே வாரத்துல 1,852. குண்டு விழல, வெள்ளம் வரல, காலரா பரவல. குளிருக்கு வீட்ல மூட்டுன நிலக்கரித் தீ, ஃபேக்டரி, பவர் ஸ்டேஷன், ரயில் எஞ்சின் எல்லாம் சேந்து விட்ட புகை, அது கலைஞ்சு போக வழியில்லாம காத்து நின்னுபோன அஞ்சு நாள், இவ்ளோதான் நடந்தது.

இதைப் பத்தி எழுதுறவங்க நிறைய பேர் நாலு வரில முடிச்சிடறாங்க. பெரிய சாவு நடந்துச்சு, அரசாங்கம் முழிச்சுக்கிச்சு, சட்டம் போட்டாங்க, காத்து சுத்தமாச்சுன்னு. படிக்கப் படிக்க எனக்கு அது பொய்யான வரலாறாத்தான் தெரியுது. இங்கிலாந்துல நிலக்கரிப் புகைக்கு எதிரா ராஜா உத்தரவு போட்டது 1306ல. 1821, 1853, 1863, 1875, 1926ன்னு பார்லிமெண்ட் சட்டமே வரிசையா இருக்கு. அறுநூத்தி சொச்சம் வருஷமா சட்டம் போட்டுக்கிட்டே இருந்த ஒரு நாட்டோட தலைநகரத்துல, அவ்ளோ சட்டத்துக்கு அப்புறமும் ஆயிரக்கணக்கான பேர் மூச்சுமுட்டி செத்தாங்க. இது எப்படிங்கறதுதான் கேள்வி. என் பதில் இதுதான்: ஒவ்வொரு சட்டமும் யாரோ ஒருத்தரை வெளிய விட்டுட்டுதான் எழுதப்பட்டுச்சு, கேடு அந்த வெளிய விட்ட பக்கத்துலேர்ந்தே வந்துச்சு.

முதல்ல பழைய கதை

லண்டனைச் சுத்தி இருந்த காடு குறைஞ்சு விறகு விலை ஏற ஏற, நியூகாசில் பக்கத்துலேர்ந்து கப்பல்ல வந்த நிலக்கரியை சுண்ணாம்புக் காளவாய்க்காரங்களும் சாராயம் காய்ச்சுறவங்களும் கொல்லருங்களும் எரிக்க ஆரம்பிச்சாங்க. கடல் வழியா வந்ததால அதுக்குப் பேரே கடல் கரி. நாத்தமும் புகையும் தாங்காம ஊர்ப் பெரியவங்க புகார் கொடுக்க, முதலாம் எட்வர்ட் ராஜா 1306ல அதை எரிக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டார். கொஞ்ச நாள்ல எல்லாரும் பழையபடி எரிச்சாங்க. ஏன்னு யோசிச்சா ரொம்ப சிம்பிள், எரிக்காதேன்னு சொல்லிடலாம், ஆனா அவன் நாளைக்கு காலைல காளவாய்ல எதைப் போட்டு எரிப்பான்னு உத்தரவுல எங்கயும் இல்ல.

அப்புறம் 1661ல ஜான் எவ்லின்ங்கிற அறிஞர் ரெண்டாம் சார்லஸ் ராஜாவுக்கு புகையைப் பத்தி ஒரு சின்னப் புத்தகமே எழுதிக் கொடுத்தார், புகை விடுற தொழிலை எல்லாம் ஊருக்கு வெளிய தள்ளுங்க, சுத்தி வாசனைச் செடி நடுங்கன்னு. ராஜாவுக்குப் பிடிச்சிருந்துச்சு, ஆனா சட்டம் ஆகல.

நீராவி எஞ்சின் வந்தப்புறம் விஷயம் வேற அளவுக்குப் போயிடுச்சு. 1821ல வந்த சட்டம் எஞ்சின் உலைப் புகையால பாதிக்கப்பட்டவங்க கேஸ் போடுறதை கொஞ்சம் சுலபமாக்குச்சு. 1853ல பாமர்ஸ்டன் உள்துறை அமைச்சரா இருந்தப்ப லண்டனுக்குன்னே தனியா ஒரு புகைத்தடுப்புச் சட்டம் வந்துச்சு, உலைகள் தன் புகையை தானே எரிச்சுக்கணும்னு அதுல விதி. போலீஸ் கொஞ்சம் கேஸும் போட்டாங்க. ஆனா இதெல்லாம் உலை வச்சிருக்கிற தொழிலுக்கு மட்டும்தான், வீட்டுக்கு இல்ல.

1863, உருப்படியா வேலை செஞ்ச சட்டம்

இந்த வரிசைல ஒரு சட்டத்தை மட்டும் நின்னு பாக்கணும், ஏன்னா அந்தக் காலத்துலயே காத்துக்குச் சட்டம் போட்டு ஜெயிக்க முடியும்னு அது காட்டுது. அதுதான் 1863 அல்கலி சட்டம்.

சோப்பு, கண்ணாடி, துணி எல்லாத்துக்கும் அப்போ சோடாங்கிற காரம், அதாவது அல்கலி, வேணும். உப்புல சல்ஃப்யூரிக் அமிலத்தை ஊத்தி சூடு பண்றதுலேர்ந்து ஆரம்பிக்கிற லெப்லாங்க் முறைலதான் அதைப் பண்ணாங்க. அந்த முதல் படிலயே ஹைட்ரோகுளோரிக் அமில வாயு கிளம்பிடும், அதை அப்படியே சிம்னி வழியா வெளிய விட்டாங்க. செயின்ட் ஹெலன்ஸ், விட்னஸ் மாதிரி ஊர்ங்கள்ல மரம் பட்டுப்போச்சு, பயிர் கருகுச்சு, இரும்புச் சாமான் துருப்பிடிச்சு உளுத்துச்சு. பாதிக்கப்பட்டவன் கோர்ட்டுக்குப் போனா, அங்க இருக்கிற பத்துப் பதினஞ்சு சிம்னில எந்த சிம்னி உன் வயலைக் கருக்குச்சுன்னு நிரூபின்னு கேப்பாங்க. யாரால முடியும்?

இதுக்குத் தீர்வு டெக்னிக்கலா ஏற்கனவே இருந்துச்சு. 1836லயே வில்லியம் காஸேஜ்ங்கிற தொழில்காரர் ஒரு கோபுரத்துல சுள்ளி மாதிரி நிரப்பி மேலேர்ந்து தண்ணி விட்டு, கீழேர்ந்து வாயுவை அனுப்பி, அமிலத்தை தண்ணிலயே கரைச்சுக் காட்டிட்டார். வாயு முக்கால்வாசி கரைஞ்சுடும். ஆனா கட்டாயம் இல்லாததால எல்லாரும் ஒழுங்கா பண்ணல. 1862ல டெர்பி பிரபு தலைமைல பிரபுக்கள் சபை கமிட்டி போட்டு விசாரிச்சாங்க, அவரே லங்காஷயர் பக்கம் பெரிய நிலக்காரர்ங்கறதை மறந்துடக் கூடாது. பெரிய ஆளோட மரம் பட்டுப்போனா சட்டம் சீக்கிரம் வருது, இது எல்லா ஊர் வரலாறுலயும் இருக்கு. எப்படியோ, மறு வருஷமே சட்டம் வந்துடுச்சு.

அதுல ரெண்டு விஷயம் புதுசு. ஒண்ணு, கிளம்புற அமில வாயுல 95 சதவீதத்தை பிடிச்சே ஆகணும்னு ஒரு நம்பர். "முடிஞ்ச அளவு", "தொந்தரவு இல்லாம" அப்படியெல்லாம் இல்ல, 95. இன்னொண்ணு, அளந்து பாக்க மத்திய அரசே இன்ஸ்பெக்டர் போட்டுச்சு, உள்ளூர் ஆளுங்க கைல விடல. அது ஏன் முக்கியம்னா புகை கேஸ்கள்ல உள்ளூர் கவுன்சில்லயும் மாஜிஸ்ட்ரேட் நாற்காலிலயும் பல ஊர்ல உக்காந்திருந்தது மில் முதலாளிங்களே. முதல் இன்ஸ்பெக்டர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித், வேதியியல்காரர், மழைல அமிலம் இருக்குன்னு மான்செஸ்டர்ல ஆராய்ச்சி பண்ணவர். அவரும் சில துணை இன்ஸ்பெக்டர்களும் ஃபேக்டரி ஃபேக்டரியா போய் அளந்தாங்க, சண்டை போடுறதை விட முதலாளிக்கு எப்படிப் பண்றதுன்னு சொல்லிக் கொடுக்கிறதுல அவர் நேரத்தைச் செலவு பண்ணார், சொன்ன 95ஐ சீக்கிரமே தாண்டிட்டாங்க. அப்புறம் அந்தப் பிடிச்ச அமிலத்துலேர்ந்து குளோரின் எடுத்து வெளுக்குற பவுடர் பண்ணி வித்தாங்க, காசும் ஆச்சு.

1874ல இதைத் திருத்தி ஒரு கன அடி காத்துல இவ்ளோதான் அமிலம் இருக்கலாம்னு அளவு வச்சாங்க, கூடவே "நடைமுறையில் சாத்தியமான சிறந்த வழி"ங்கிற சொல்லும் சட்டத்துக்குள்ள வந்துச்சு. அந்தச் சொல் அடுத்த நூறு வருஷத்துக்கு மேல பிரிட்டிஷ் சட்டத்துல உக்காந்துக்கிச்சு. அதுல நல்லதும் இருக்கு, டெக்னாலஜி வளர வளர விதியும் கூடவே வளரும். கெட்டதும் இருக்கு, எது சாத்தியம்னு மூடின அறைல இன்ஸ்பெக்டரும் முதலாளியும் பேசி முடிவு பண்ணிப்பாங்க, பக்கத்துல குடியிருக்கிறவனுக்கு அதுல இடமே கிடையாது.

சரி, 1863ல இந்த வழி தெரிஞ்சுபோச்சு. அப்போ நிலக்கரிப் புகைக்கும் அதையே பண்ணிருக்கலாமே? பண்ணல. அல்கலி சட்டம் சாதாரண நிலக்கரிப் புகையைத் தொடவே இல்ல.

"கறுப்புப் புகை" மட்டும்தான் குத்தம்

1875 பொதுச் சுகாதாரச் சட்டத்துல புகைக்கு ஒரு பிரிவு இருக்கு. அதைப் படிச்சா கோவம் வரும். சிம்னிலேர்ந்து கறுப்புப் புகை தொந்தரவு தர்ற அளவுக்கு வந்தா குத்தம், ஆனா அந்த சிம்னி தனியார் வீட்டு சிம்னியா இருக்கக் கூடாது. அந்த ஒரு வரில ரெண்டு ஓட்டை. கோர்ட்ல வக்கீலுங்க எங்க புகை கறுப்பு இல்ல, கரும்பழுப்புன்னு வாதாடி கேஸை உடைச்சாங்க. அளவு வைக்காம நிறத்தை வச்சா இப்படித்தான் ஆகும். ரெண்டாவது ஓட்டைதான் ஆளைக் கொன்னது: வீடு முழுசா விலக்கு.

1880, 1892 குளிர்காலத்துலயும் பனிமூட்டம் வந்தப்ப லண்டன்ல சாவு எண்ணிக்கை எகிறுச்சு. 1873 டிசம்பர்ல இஸ்லிங்டன்ல நடந்த கால்நடைக் கண்காட்சில நல்லா கொழுத்த பரிசு மாடுங்க மூச்சுத் திணறி செத்துப்போச்சு. அதாவது எச்சரிக்கை 80 வருஷம் முன்னாடியே வந்துடுச்சு. 1898ல நிலக்கரிப் புகை ஒழிப்புச் சங்கம் ஆரம்பிச்சாங்க, ஓவியர் வில்லியம் பிளேக் ரிச்மண்ட் அதுக்குப் பின்னாடி நின்னவர், அவங்களே காசு போட்டு ஆள் வச்சு சிம்னியை கண்காணிச்சு கவுன்சிலுக்குப் புகார் அனுப்பிக்கிட்டே இருந்தாங்க. முதல் உலகப் போர் முடிஞ்சு நியூட்டன் பிரபு தலைமைல ஒரு கமிட்டி, வீட்டுப் புகையையும் கவனிச்சே ஆகணும்னு அவங்க சொன்னாங்க. 1926ல வந்த சட்டம் கறுப்புங்கிற ஓட்டையைக் கொஞ்சம் அடைச்சுச்சு, கரித்தூள், சாம்பல், துகள் எல்லாம் புகைலயே சேரும்னு ஆக்குச்சு. வீட்டு அடுப்பை மட்டும் திரும்பவும் விட்டுட்டாங்க.

ஏன் விட்டாங்கங்கறதுக்கு ஒரே காரணம் இல்ல. வீட்டுக்குள்ள அரசாங்கம் எட்டிப் பாக்கக் கூடாதுங்கிற பிடிவாதம் ஒண்ணு. திறந்த தீ முன்னாடி குடும்பமா உக்காரறது அவங்களுக்கு வெறும் சூடு இல்ல, வீடுன்னாலே அதுதான். ஓட்டு போடுற ஒவ்வொருத்தர் வீட்லயும் ஒரு ஃபயர்பிளேஸ். ஆனா என் கணக்குல பெரிய காரணம் மாத்து இல்லாததுதான். ஏழை வீட்ல அந்த ஒரு அடுப்புலதான் சமையல், வெந்நீர், துணி காய வைக்கிறது, குழந்தை தூங்குறது எல்லாம். அதைத் தடை பண்ணா அவங்களுக்கு என்ன கொடுப்பேன்னு கேட்டா எந்த மந்திரிகிட்டயும் பதில் இல்ல. 1306ல இல்லாத அதே பதில் 1926லயும் இல்ல.

அந்த அஞ்சு நாள்

1952 டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. கொஞ்ச நாளாவே கடும் குளிர், எல்லா வீட்லயும் அடுப்பு எரியுது. லண்டனுக்கு மேல காத்தோட ஒரு உயரழுத்தப் பகுதி வந்து அப்படியே நின்னுடுச்சு. வழக்கமா தரைப்பக்கம் சூடான காத்து மேல போகும், புகையும் கூடவே போயிடும். அன்னைக்கு தரைல குளிர்ந்த காத்து, அதுக்கு மேல சூடான காத்து, பானைக்கு மூடி போட்ட மாதிரி ஆயிடுச்சு. தேம்ஸ் பள்ளத்தாக்குல ஈரமும் சேந்து பனி இறங்குச்சு, புகைத் துகளைச் சுத்தி பனித்துளி கட்டிக்கிச்சு. பிரிட்டிஷ் வானிலைத் துறை பின்னாடி போட்ட கணக்குப்படி ஒவ்வொரு நாளும் 1,000 டன் புகைத் துகள், 140 டன் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 14 டன் ஃப்ளோரின் சேர்மங்கள், அதோட 370 டன் சல்ஃபர் டை ஆக்சைடு அந்த மூடிக்குள்ள போச்சு, அந்த 370 டன் சல்ஃப்யூரிக் அமிலமா மாறிருக்கும்னு சொல்றாங்க. ஜனங்க அதைத்தான் மூச்சுல இழுத்தாங்க.

பகல்லயே இருட்டு. கிழக்கு லண்டன்ல ஐல் ஆஃப் டாக்ஸ் பக்கம் குனிஞ்சா சொந்தக் கால் தெரியல. பஸ்ஸுக்கு முன்னாடி கண்டக்டர் கைல விளக்கோ தீப்பந்தமோ புடிச்சுக்கிட்டு நடந்தாங்க, அப்புறம் அதுவும் நின்னுபோய் தரைக்குக் கீழ ஓடுற ரயில் மட்டும்தான் ஓடுச்சு. ஆம்புலன்ஸ் போக முடியல, நோயாளிங்க தாங்களே தடவித் தடவி ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. சாட்லர்ஸ் வெல்ஸ் தியேட்டர்ல ஓப்ரா நடந்துக்கிட்டு இருக்கும்போதே புகை உள்ள புகுந்து மேடை தெரியாம ஷோவை நிறுத்திட்டாங்க. எர்ல்ஸ் கோர்ட்ல ஸ்மித்ஃபீல்ட் கண்காட்சிக்கு வந்த மாடுங்க மூச்சுத் திணறி விழுந்துச்சு, 1873ல நடந்தது அப்படியே.

ஒரு விஷயம் இங்க கவனிக்கணும். அந்த அஞ்சு நாளும் ஊர்ல பெரிய பீதி இல்ல. லண்டன்காரங்களுக்கு பனிமூட்டம் பழகின விஷயம். வயசானவங்க, கைக்குழந்தைங்க, ஏற்கனவே நெஞ்சுச் சளி, இதய நோய் இருக்கிறவங்க, இவங்கதான் அவங்கவங்க வீட்லயும் வார்டுலயும் ஒருத்தர் ஒருத்தரா செத்தாங்க, யாரும் யாரையும் கூட்டிப் பாக்கல. சவப்பெட்டி தீந்துபோச்சு, பூக்கடைல பூ தீந்துபோச்சு, அப்பதான் சிலருக்கு சந்தேகம் வந்துச்சு. பதிவாளர் அலுவலகத்து எண்ணிக்கை வெளிய வந்தப்புறம்தான் முழு உருவமும் தெரிஞ்சுது. 9ஆம் தேதி காத்து வீசி மூட்டம் கலைஞ்சுடுச்சு, சாவு மட்டும் அன்னைக்கு நிக்கல.

அரசாங்கம் பண்ணது

முதல்ல எதுவும் பண்ணல, இதை மூடி மறைச்சு எழுத வேண்டியதில்ல. எதிர்க்கட்சி எம்.பி. நார்மன் டாட்ஸ் பார்லிமெண்ட்ல திரும்பத் திரும்ப கேள்வி கேட்டார். வீட்டு வசதித் துறை அமைச்சர் ஹெரால்ட் மேக்மில்லன் 1953 ஜனவரில, புதுசா பொதுச் சட்டம் தேவைன்னு எனக்குத் தோணலன்னு சொன்னார். அதே மேக்மில்லன் சக அமைச்சர்களுக்கு அனுப்புன ரகசியக் குறிப்பு பின்னாடி வெளிய வந்துச்சு. ஒரு கமிட்டி போடலாம், நம்மால பெருசா எதுவும் பண்ண முடியாது, ஆனா ரொம்ப பிஸியா இருக்கிற மாதிரி காட்டிக்கலாம், இந்தக் காலத்துல அதுவே பாதி வெற்றின்னு அதுல எழுதியிருக்கார். ஆயிரக்கணக்கான சாவுக்குப் பின்னாடி ஒரு பொறுப்பான மந்திரி எழுதுன வரி இது. எத்தனை தடவை படிச்சாலும் மனசு ஆறல.

சுகாதாரத் துறை வேற ஒண்ணு பண்ணுச்சு. டிசம்பர் 20க்கு அப்புறமும் சாவு எண்ணிக்கை வழக்கத்தை விட மேலயே இருந்துச்சு, மார்ச் வரைக்கும். அதை எல்லாம் இன்ஃப்ளூயன்ஸான்னு ஒதுக்கிட்டாங்க, அதனாலதான் ரொம்ப நாளா "4,000 பேர்"ங்கிற கணக்கு நின்னுச்சு. 2001ல மிச்செல் பெல், டெவ்ரா டேவிஸ்ங்கிற ரெண்டு ஆய்வாளர்கள் பழைய பதிவை எடுத்து திரும்ப கணக்குப் போட்டு, அந்தக் கூடுதல் சாவை ஃப்ளூவால மட்டும் விளக்க முடியாது, மொத்தம் 12,000 வரைக்கும் போகும்னு சொன்னாங்க.

ஏன் இவ்ளோ தயக்கம்? நிலக்கரிதான் காரணம். போர்க்கடன்ல முழுகிப்போன நாடு, நல்ல நிலக்கரியை வெளிநாட்டுக்கு வித்து காசு பாக்குது, சொந்த ஜனங்களுக்கு ரேஷன். ரேஷன் இல்லாம தாராளமா கிடைச்சது நட்டி ஸ்லாக்ன்னு சொல்ற தூளும் பொடிக்கல்லுமா இருக்கிற மட்டக் கரி, அதை ரேஷன்லேர்ந்து விடுவிச்சதே அந்த டிசம்பர் தொடக்கத்துலதான். எரிச்சா புகை புகையா வரும். அரசாங்கமே அதை வாங்கி எரின்னு சொல்லிட்டு, அதே அரசாங்கம் எப்படி மறு மாசம் புகையைக் குத்தம்னு சொல்லும்? புகையில்லாம எரியுற கோக்கு, அதாவது கரியை முதல்லயே வாட்டி புகையை எடுத்துட்டது, எல்லா வீட்டுக்கும் பத்துற அளவுக்கு இல்ல.

ஆனா சும்மா பிஸியா காட்டிக்கப் போட்ட கமிட்டி உண்மையாவே வேலை பண்ணிடுச்சு. 1953 ஜூலைல போட்ட கமிட்டிக்குத் தலைவர் சர் ஹியூ பீவர், இன்ஜினியர், பெரிய மதுபானக் கம்பெனியை நடத்துனவர். அந்த டிசம்பர்லயே இடைக்கால அறிக்கை, 1954 நவம்பர்ல முழு அறிக்கை. நாட்டோட மொத்த நிலக்கரில வீடுங்க எரிக்கிறது அஞ்சுல ஒரு பங்குக்கும் கம்மி, ஆனா புகைல கிட்டத்தட்ட பாதி வீட்லேர்ந்து வருது, குறைஞ்ச உயரத்து சிம்னிலேர்ந்து ஆளு மூச்சு விடுற மட்டத்துல வருதுன்னு அதுல தெளிவா போட்டுட்டாங்க. காத்துக் கேட்டால நாட்டுக்கு வருஷத்துக்கு 25 கோடி பவுண்டு நஷ்டம்னு கணக்கும் போட்டுக் காட்டுனாங்க. நெருக்கமா ஜனங்க வாழற பகுதில 10லேர்ந்து 15 வருஷத்துக்குள்ள புகையை 80 சதவீதம் குறைக்கணும்னு இலக்கு வச்சாங்க. வீட்டுக்குக் கொடுத்த விலக்கு அந்த அறிக்கைல உடைஞ்சுது.

அறிக்கை வந்தும் அரசாங்கம் இழுத்தடிச்சுச்சு. ஆளுங்கட்சி எம்.பி. ஜெரால்ட் நபாரோ தனிநபர் மசோதாவா கொண்டு வந்தார். கட்சி வித்தியாசம் இல்லாம ஆதரவு திரண்டதும், நாங்களே கொண்டு வரோம்னு அரசாங்கம் வாக்குக் கொடுத்து 1955ல அதை வாபஸ் வாங்க வச்சாங்க. 1956 ஜூலை 5ல சுத்தக் காற்று சட்டம் ராணியோட ஒப்புதல் வாங்குச்சு.

சட்டத்துல என்ன இருந்துச்சு

கரும்புகை எந்த சிம்னிலேர்ந்து வந்தாலும் குத்தம். எது கரும்புகைன்னா ரிங்கல்மான் அட்டைல 2ஆம் நம்பர் நிறமோ அதுக்கு மேலயோ இருந்தா. வெள்ளை அட்டைல கறுப்புக் கட்டம் அடிச்சு, தூரத்துல வச்சுப் பாத்தா சாம்பல் நிறமா தெரியும், 2ஆம் நம்பர்ன்னா 40 சதவீதம் கறுப்பு. இன்ஸ்பெக்டர் அட்டையைப் புடிச்சுக்கிட்டு சிம்னியைப் பாத்தா போதும். கறுப்பா கரும்பழுப்பான்னு இழுத்த எண்பது வருஷ வாதம் ஒரு அட்டைல முடிஞ்சுது.

அடுத்தது புகைக்கட்டுப்பாட்டுப் பகுதி. லோக்கல் கவுன்சில் ஒரு ஏரியாவை அப்படி அறிவிச்சா, அங்க வீட்டு சிம்னிலயும் புகை வரக் கூடாது, அனுமதிச்ச எரிபொருள்தான் எரிக்கணும். இந்த யோசனை மேலேர்ந்து வரல, மான்செஸ்டர் 1946லயே தனக்குன்னு தனிச்சட்டம் வாங்கி 1952ல நகரத்து நடுப்பகுதில ஆரம்பிச்சுடுச்சு. லண்டன்ல சிட்டின்னு சொல்ற பழைய நடுப்பகுதியும் 1954ல தனிச்சட்டம் வாங்கிக்கிச்சு.

எனக்கு இந்தச் சட்டத்துலயே பெருசாப் படுறது மூணாவது விஷயம், பேச்சுல யாரும் சொல்லாத விஷயம்: காசு. பழைய வீட்ல அடுப்பை மாத்துற நியாயமான செலவுல பத்துல ஏழு பங்கை கவுன்சில் திருப்பித் தரணும், அதுல பத்துல நாலு பங்கு மத்திய அரசு கஜானாலேர்ந்து. வீட்டுக்காரர் கைலேர்ந்து பத்துல மூணு. எட்வர்ட் ராஜாலேர்ந்து 1926 வரைக்கும் யாரும் சொல்லாத பதில் இங்கதான் முதல் முதலா சட்டத்துக்குள்ள வருது, நிறுத்துன்னு சொல்றவனே மாத்திக்க காசும் கொடுக்கிறான்.

ஓட்டை இல்லாம இல்ல. புகைக்கட்டுப்பாட்டுப் பகுதி அறிவிக்கிறதும் அறிவிக்காததும் கவுன்சில் இஷ்டம். நிலக்கரிச் சுரங்கம் இருக்கிற ஊர்கள்ல தொழிலாளிங்களுக்கு சலுகையா கரி வரும், சம்பளத்துல அதுவும் ஒரு பங்கு. அங்க போய் கரி எரிக்காதேன்னு எந்த கவுன்சிலர் சொல்லுவார்? வடக்குல பல ஊர் வருஷக்கணக்கா அசையல. ஃபேக்டரி பழைய உலைகளுக்கு 7 வருஷம் வரைக்கும் அவகாசம். இதை எல்லாம் பாத்துட்டுதான் 1968ல ரெண்டாவது சட்டம் வந்துச்சு, கவுன்சில் செய்யலன்னா மந்திரி கட்டாயப்படுத்தலாம், அனுமதி இல்லாத கரியை அந்தப் பகுதில விக்கிறதே குத்தம்.

வேலை செஞ்சுதா?

செஞ்சுது, ஆனா தனியா செய்யல. 1962 டிசம்பர்ல அதே மாதிரி மூட்டம் வந்துச்சு. சல்ஃபர் டை ஆக்சைடு 1952 அளவுக்குக் கிட்டவே இருந்துச்சு, புகைத் துகள் மட்டும் நல்லா குறைஞ்சிருந்துச்சு. சில நூறு பேர் செத்தாங்க, ஆயிரக்கணக்குல இல்ல. சட்டம் வந்த ஆறு வருஷத்துல கிடைச்ச பலன்னு இதைச் சொல்லலாம், அதே சமயம் சட்டம் எதைத் தொடலன்னும் அதுவே காட்டிடுச்சு.

இன்னொரு பக்கம், ஜனங்களே கரியை விட்டுட்டு கேஸ், கரண்ட், சென்ட்ரல் ஹீட்டிங்னு போயிட்டு இருந்தாங்க. வட கடல்ல 1965ல இயற்கை எரிவாயு கிடைச்சு, 1967லேர்ந்து நாடு முழுக்க வீடு வீடா அடுப்பு மாத்துனாங்க. அதனால புகை குறைஞ்சதுல சட்டத்தோட பங்கு எவ்ளோ, கேஸோட பங்கு எவ்ளோன்னு வரலாற்றுக்காரங்க இன்னும் விவாதம் பண்றாங்க. என் பார்வைல ரெண்டையும் பிரிக்கத் தேவையில்ல. மாறணும்னு இருந்தவனுக்கு சட்டம் தேதியும் காசும் கொடுத்துச்சு, மாற முடியாம இருந்த ஏழை வீட்டையும் சேத்து இழுத்துச்சு. கேஸ் மட்டும் வந்திருந்தா காசு இருக்கிற தெரு மட்டும் மாறியிருக்கும், பக்கத்துத் தெருப் புகையை எல்லாரும் சுவாசிச்சுட்டு இருந்திருப்பாங்க.

அடுத்த விலக்கு

1956 சட்டம் கண்ணுக்குத் தெரியற புகைக்குத்தான். சல்ஃபர் டை ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாது, அதை அப்போ பிடிக்கிறதுக்குச் செலவு அதிகம்னு ஒதுக்கி, சிம்னியை உயரமா கட்டுங்கன்னாங்க. உயரமா கட்டுனா உள்ளூர்ல அளவு குறையுது, உண்மைதான். ஆனா வாயு எங்க போச்சு? கடலைத் தாண்டி ஸ்வீடன், நார்வே ஏரிங்கள்ல அமில மழையா இறங்குச்சு, மீன் செத்துச்சு. ஸ்வீடன் விஞ்ஞானி ஸ்வான்டே ஓடன் 1960களோட கடைசில இதைச் சொன்னார், 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டுல ஸ்வீடன் இதை உலகத்து முன்னாடி வச்சுச்சு, 1979ல ஜெனீவால நாடு தாண்டுற காத்துக் கேட்டுக்குன்னே ஒப்பந்தம் போட்டாங்க. 1985ல ஹெல்சிங்கில சல்ஃபரை 30 சதவீதம் குறைக்கலாம்னு கையெழுத்து போட்ட நாடுங்கள்ல பிரிட்டன் இல்ல. லண்டனை விட்டு விலகுன புகைக்கு அப்போ விலை கொடுத்தது அந்தச் சட்டத்துக்கு ஓட்டே போட முடியாத ஜனங்க.

இதுலயே இன்னொரு குறை, சிம்னில என்ன வருதுன்னு பாத்தாங்களே தவிர, ஆளு சுவாசிக்கிற காத்துல இவ்ளோதான் இருக்கலாம்னு சட்டமா எழுதல. அமெரிக்கா 1970லயே அதைப் பண்ணிடுச்சு, நாடு முழுக்க காத்துத் தரத்துக்கு அளவு வச்சு. பிரிட்டனுக்கு 1980ல ஐரோப்பியக் கூட்டமைப்பு உத்தரவு வந்தப்புறம்தான் புகைக்கும் சல்ஃபருக்கும் கட்டாய அளவு வந்துச்சு.

அப்புறம் வண்டி. 1952 ஜூலைல லண்டனோட கடைசி டிராம் நின்னுபோச்சு, கரண்ட்ல ஓடுனதை எடுத்துட்டு டீசல் பஸ் விட்டாங்க, புகைமூட்டத்துக்கு அஞ்சு மாசம் முன்னாடி! 1991 டிசம்பர்ல திரும்பவும் காத்து நின்னப்ப இந்தத் தடவை மேல ஏறுனது நைட்ரஜன் டை ஆக்சைடு, பெரும்பாலும் வண்டிப் புகை. 1995 சுற்றுச்சூழல் சட்டம் அதுக்கப்புறம் வந்துச்சு. 2013ல தென்கிழக்கு லண்டன்ல பிஸியான ரோட்டுக்குப் பக்கத்துல வாழ்ந்த 9 வயசுக் குழந்தை ஆஸ்துமால செத்துப்போச்சு, அம்மா வருஷக்கணக்கா போராடி, 2020 டிசம்பர்ல மரண விசாரணை அதிகாரி காத்து மாசும் சாவுக்கு ஒரு காரணம்னு பதிவு பண்ணார், அந்த நாட்டுல அப்படிப் பதிவானது அதுதான் முதல். 1952ல ஆயிரக்கணக்கான இறப்புச் சான்றிதழ்ல நெஞ்சுச் சளி, இதய நோய்னுதான் இருந்துச்சு, காத்துன்னு ஒண்ணுலயும் இல்ல.

2019 ஏப்ரல்ல நகர மையத்துல பழைய வண்டிக்குக் கட்டணம் போட்டாங்க, 2023 ஆகஸ்ட்ல லண்டன் முழுக்க விரிச்சப்ப பயங்கர எதிர்ப்பு. கட்டணத்துக்காக வண்டி நம்பரைப் பிடிக்கிற கேமராவை உடைச்சாங்க. எதிர்த்தவங்க எல்லாரும் காத்துக்கு எதிரின்னு நான் நினைக்கல. பழைய வேனை வச்சு தொழில் பண்றவன் கேட்டது 1306ல காளவாய்க்காரன் கேட்ட அதே கேள்விதான், நாளைக்கு எதுல போவேன்? பழைய வண்டியைக் கொடுத்தா பணம் தர்ற திட்டம் இருந்துச்சு, ஆனா முதல்ல சில உதவித்தொகை வாங்குறவங்க, சின்ன வியாபாரிங்கன்னு குறுக்கி வச்சிருந்தாங்க, எல்லா லண்டன்வாசிக்கும் அதைத் திறந்தது விரிவாக்கம் அமலுக்கு வந்த அதே ஆகஸ்ட் மாசத்துலதான். 1956ல பண்ண மாதிரி காசை சட்டத்தோடவே, முன்னாடியே வச்சிருந்தா அந்தச் சண்டைல பாதி வந்திருக்காதுங்கறது என் உறுதியான எண்ணம்.

வீட்டு அடுப்பும் திரும்ப வந்துடுச்சு, இப்ப விறகு அடுப்பா, பெரும்பாலும் கேஸ் ஹீட்டிங் ஏற்கனவே இருக்கிற வீட்ல அழகுக்கு. நுண்துகள்ல அது பெரிய பங்கு. 2021 மே மாசத்துலேர்ந்து இங்கிலாந்துல மூட்டைல வர்ற சாதாரண வீட்டுக் கரியும், சின்ன அளவுல விக்கிற ஈர விறகும் தடை. புகைக்கட்டுப்பாட்டுப் பகுதில சிம்னிலேர்ந்து புகை விட்டா 175லேர்ந்து 300 பவுண்டு வரைக்கும் அபராதம் போட கவுன்சிலுக்கு அதிகாரம் இருக்கு. ஆனா அனுமதிச்ச அடுப்பை வாங்கி வச்சுக்க எந்தத் தடையும் இல்ல, புகைக்கட்டுப்பாட்டுப் பகுதிக்குள்ளயும் அதுல விறகு எரிக்கலாம்.